வகுப்பில் வந்த பாட்டு மேடையில் ஏன் வருவதில்லை?

கலைத் திருவிழா முடிந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பும் பேருந்தில் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும். "வகுப்புல நல்லாத்தான் பாடுனா, மேடையில என்னமோ ஆயிட்டு." அந்த 'என்னமோ' என்ன என்பதைப் பற்றி உளவியல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறது. அதில் நம் பள்ளிக்குப் பயன்படுவது நிறைய இருக்கிறது.

2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக மேடை கிடைத்திருக்கிறது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டும் கல்யாண வீட்டில் மேளமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான். ஆனால் மைக்கைக் கையில் பிடித்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு. ஒவ்வொரு படியிலும் மேடை பெரிதாகிறது, எதிரே தெரியாத முகங்கள் கூடுகின்றன. பள்ளி அளவில் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துப் பாடிய பிள்ளை, மாவட்ட அளவில் இரண்டாவது அடியிலேயே நின்றுவிடுகிறது. பரிசு போனால் போகட்டும். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை "எனக்குப் பாட வராது டீச்சர்" என்று சொல்லத் தொடங்கிவிட்டால் அது பெரிய இழப்பு. பலருக்கு அதன்பிறகு இன்னொரு மேடை வாய்ப்பதே இல்லை.

முதலில் உடம்பில் நடப்பதைப் பார்ப்போம். பெயரைக் கூப்பிட்டதும் மூளை அதை ஓர் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. உமிழ்நீர் குறைந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. விரட்டி வரும் நாயிடமிருந்து தப்பி ஓட இந்த ஏற்பாடு உதவும். பாடுவதற்கு இடைஞ்சல்தான். பாட்டுக்கு வேண்டியது வயிற்றிலிருந்து வரும் நீண்ட மூச்சு. பதற்றத்தில் வருவதோ மேல் நெஞ்சோடு நின்றுவிடும் குட்டை மூச்சு. ஒரே மூச்சில் ஓர் அடியைப் பாடும் பிள்ளைக்குப் பாதி அடியிலேயே மூச்சு தீர்ந்துபோகும்.

இதைவிட நுட்பமான ஒன்றும் நடக்கிறது. குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவதால் குரல் வழக்கத்தைவிட மேலே ஏறுகிறது. சுருதிப் பெட்டி இல்லாமல் தானாக எடுத்துப் பாடும் பிள்ளை ஒரு கட்டை கூடுதலாக எடுத்துவிடும். பல்லவி எப்படியோ தப்பித்துவிடும். சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் உடையும். கேட்பவர்கள் "சரணம் சரியில்லை" என்பார்கள். உண்மையில் தவறு நடந்தது முதல் எழுத்தில். வேகமும் இப்படித்தான். இதயத் துடிப்பு கூடக் கூட, பிள்ளை தன்னை அறியாமல் காலப்பிரமாணத்தையும் கூட்டிவிடுகிறது.

இந்தச் சிக்கலுக்கு எளிய வழி உண்டு. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் தம்புரா செயலிகளில் பிள்ளைக்குப் பொருத்தமான கட்டையை முன்பே கண்டுபிடித்துக் குறித்து வைத்துக்கொள்ளலாம். மேடைக்குப் பின்னால் காத்திருக்கும்போது அதைக் காதருகே ஒலிக்கவிட்டு, அந்த 'ஸ'வை வாய்க்குள் முனகிக்கொண்டே படியேறச் சொல்லலாம். போட்டி விதி பக்கவாத்தியத்தை அனுமதிக்காவிட்டாலும் இதற்குத் தடை இருக்காது.

இந்தப் பதற்றம் திறமைக் குறைவின் அடையாளம் அன்று என்பதைப் பிள்ளைக்கு முன்னால் நாம் நம்ப வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆர்க்கெஸ்ட்ரா இசைக்கலைஞர்கள் 2,212 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ நான்கில் ஒருவர் மேடைப் பயம் தமக்கு ஒரு சிக்கல் என்றனர். வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ் 96 வயதுவரை வாழ்ந்தவர். கச்சேரிக்கு முன் வரும் அச்சம் வாழ்நாள் முழுவதும் தன்னை விடவில்லை என்று அவரே கூறியிருக்கிறார்.

பதற்றம் எல்லோருக்கும் பொது என்றால், சிலர் மட்டும் உடைந்துபோவது ஏன்? இங்கேதான் கவனம் என்பது வருகிறது. அது இரண்டு விதமாகத் தவறிப்போகிறது. இரண்டையும் நாம் ஒன்றாகவே எண்ணி, இரண்டுக்கும் "இன்னும் நல்லா பிராக்டிஸ் பண்ணு" என்ற ஒரே மருந்தைக் கொடுக்கிறோம்.

முதலாவது, பாட்டின் வரி மறந்துபோவது. மனதில் ஒரு சின்ன வேலை மேசை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் சில பொருள்களைத்தான் அதில் பரப்ப முடியும். "தப்பாயிடுமோ, டீச்சர் திட்டுவாங்களோ, அந்தப் பள்ளிப் பிள்ளைங்க சிரிக்குதோ" என்ற எண்ணங்கள் அந்த மேசையை அடைத்துக்கொண்டால் அடுத்த வரிக்கு இடம் இருக்காது. மேலும், நம் பிள்ளைகள் பாட்டைச் சங்கிலி போல மனப்பாடம் செய்கிறார்கள். முதல் வரி இரண்டாவது வரியை இழுத்து வரும், இரண்டாவது மூன்றாவதை. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மீதி முழுவதும் விழுந்துவிடும். திரும்ப முதலிலிருந்துதான் தொடங்கத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் ரோஜர் சாஃபின், ஒரு பியானோ கலைஞர் பாஹின் படைப்பு ஒன்றைப் பல மாதங்கள் பயின்று மனப்பாடம் செய்வதைத் தொடர்ந்து பதிவு செய்தார். அந்தக் கலைஞர் இசைக்குள் ஆங்காங்கே மைல்கற்களை நட்டு வைத்துக்கொண்டார். எங்கே தவறினாலும் அடுத்த மைல்கல்லில் ஏறிக்கொள்ளலாம். நாமும் இதைச் செய்யலாம். "இரண்டாவது சரணம் மூணாவது அடியிலேர்ந்து பாடு" என்று திடீரென்று கேட்பது. பாடிக்கொண்டிருக்கும்போது கைதட்டி நிறுத்திவிட்டு அனுபல்லவியிலிருந்து தொடரச் சொல்வது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே தோன்றும்.

இரண்டாவது விதம் இதற்கு நேர் எதிர். இங்கே கவனம் வேறெங்கும் ஓடவில்லை. அளவுக்கு மீறி உள்ளே பாய்கிறது. முக்கூடல், அம்பாசமுத்திரம் பக்கம் பீடி சுற்றும் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். கண் தொலைக்காட்சியில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டுக் கதை பேசும், கை தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். "எந்த விரலை முதல்ல மடக்குதீங்க, மெதுவாச் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கை தடுமாறும். பழகிப்போன திறமை, கவனம் குறுக்கிடாதவரைதான் ஒழுங்காக ஓடும். மேடையில் "நல்லாச் செய்யணும்" என்ற எண்ணம் வந்ததும் பிள்ளை தன் தொண்டையையும் விரலையும் தானே மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறது. கீபோர்டும் புல்லாங்குழலும் வாசிக்கும் பிள்ளைகளிடம் இது அதிகம். ராய் பாமைஸ்டர் 1984லேயே இப்படி விளக்கினார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சையன் பைலாக், தாமஸ் கார் இருவரும் 2001இல் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் சோதனை மூலம் இதை உறுதிப்படுத்தினார்கள். அவர்களுடைய சோதனையில் நமக்கு முக்கியமான பகுதி ஒன்று இருக்கிறது. சற்று தள்ளி அதற்கு வருகிறேன்.

இந்த இரண்டாவது தவற்றை நாமே தூண்டிவிடும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. பிள்ளை படியேறும் நேரத்தில், "வாயை நல்லாத் திற, கையை ஆட்டாத, மூச்சைப் புடிச்சுப் பாடு" என்று உடல் உறுப்புகளைப் பற்றியே சொல்லி அனுப்புகிறோம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக் குழுவினர் இசை மாணவர்களைப் பியானோக் கட்டைகளில் வாசிக்கச் செய்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தம் விரலின் மேல் கவனம் வைத்தபோது இருந்ததைவிட, எழும் ஒலியின் மேல் கவனம் வைத்தபோது வாசிப்பு சீராக இருந்தது. ஆகவே "கடைசி வரிசையில உக்காந்திருக்கிற தாத்தாவுக்குப் பாடு" என்ற ஒரு சொல் போதும். வாய் தானாகத் திறக்கும்.

எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே பாதிப் பதற்றம் முடிவாகிவிடுகிறது. பி.எட். படித்தபோது யெர்க்ஸ்-டாட்சன் விதி (1908) பற்றிப் படித்திருப்போம். மனக்கிளர்ச்சி ஓரளவுவரை செயலை உயர்த்தும், அதற்குமேல் தாழ்த்தும். கடினமான செயலாக இருந்தால் அந்தச் சரிவு சீக்கிரமே வந்துவிடும். ராபர்ட் ஸயான்ஸ் 1965இல் இதைப் பார்வையாளர்களோடு இணைத்தார். பிறர் பார்க்கும்போது நமக்கு நன்றாகப் பழகியது இன்னும் நன்றாக வரும், பழகாதது இன்னும் மோசமாகும் என்றார். 1969இல் அவர் குழுவினர் கரப்பான்பூச்சிகளை வைத்தே இதைச் செய்து பார்த்தார்கள். நேரான பாதையில் ஓடும் கரப்பான், மற்ற கரப்பான்கள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வேகமாக ஓடியது. வளைந்து திரும்ப வேண்டிய பாதையில் மெதுவாகிவிட்டது. கரப்பான்பூச்சிக்கும் மேடைப் பயம் உண்டு என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்காது. சொல்லிப் பாருங்கள்.

நடுவர்களை அசத்த வேண்டும் என்று போட்டிக்குப் பத்து நாள் முன்பு கடினமான கீர்த்தனையையோ சங்கதி நிறைந்த திரைப்பாடலையோ பிள்ளையின் தலையில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. ஆச்சியிடம் கேட்டுப் பழகிய தாலாட்டு, வயலில் நாற்று நடும்போது கேட்ட பாட்டு, வருடக்கணக்கில் முனகிக்கொண்டிருக்கும் ஒரு பழைய பாடல் ஆகியவை எலும்பில் ஊறியவை. கூட்டத்தைப் பார்த்ததும் அவை இன்னும் நன்றாக வரும்.

இப்போது பைலாக், கார் சோதனைக்கு வருவோம். அவர்கள் பயிற்சி பெறுபவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சாதாரணமாகவும், ஒரு பகுதியினரை வேறு ஒரு வேலையில் மனதைத் திருப்பியும், ஒரு பகுதியினரை வீடியோ கேமராவின் முன்னாலும் பழகச் செய்தார்கள். பிறகு எல்லோருக்கும் அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். கேமராவின் பார்வையில் பழகியவர்கள் மட்டும் உடையவில்லை. பார்க்கப்படுவதும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே அவர்களுக்கு ஆகிவிட்டிருந்தது.

தாமிரபரணிக் கரை இசைக்காரர்களுக்கு இது புதிய செய்தி அன்று. சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில் இருக்கிறது காருக்குறிச்சி. மண்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர். நாதஸ்வர மேதை காருக்குறிச்சி அருணாசலம் (1921–1964) இந்த ஊர்க்காரர். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டு ஒலிக்கும் நாதஸ்வரம் அவருடையது. அவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குருவுக்குப் பக்கத்தில் நின்று சேர்ந்து வாசித்து வளர்ந்தவர். நாதஸ்வர மரபில் பயிற்சி என்பது இப்படித்தான். சிறுவன் முதலில் தாளம் போடுவான், அல்லது ஒத்து ஊதுவான். ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் ஒத்து. சாமி புறப்பாட்டிலும் கல்யாணப் பந்தலிலும் இரவு முழுக்க அவன் கூட்டத்தின் நடுவில் நிற்பான். பொறுப்பு அவன் தலையில் இல்லை. ஆனால் கண்கள் எல்லாம் அவன் மேலும் படும். பிறகு இரண்டாவது நாதஸ்வரம். அவன் முதல் நாதஸ்வரமாக நிற்கும் நாள் வரும்போது கூட்டம் அவனுக்குப் பழகிய பொருளாகிவிடும்.

வில்லுப்பாட்டிலும் இதே முறைதான். வில்லடித்துக் கதை சொல்லும் அண்ணாவியாக யாரும் முதல் நாளிலேயே உட்காருவதில்லை. ஜால்ராவோ கட்டையோ தட்டிக்கொண்டு, பின்பாட்டு பாடிக்கொண்டு, "ஆமா" போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்வதில்தான் தொடங்கும். குடமும் உடுக்கையும் பிறகு வரும்.

நம் பேச்சு வழக்கைப் பாருங்கள். ஒத்து ஊதுகிறான், ஜால்ரா போடுகிறான், பின்பாட்டு பாடுகிறான் என்பவை எல்லாம் ஏச்சாகிவிட்டன. சொந்தமாக ஒன்றும் இல்லாதவன் என்று பொருள். இசைக்காரர்களுக்கோ அவை பள்ளிக்கூடத்தின் கீழ் வகுப்புகள். கூட்டத்தைப் பார்த்துக் கூசாமல் இருக்க அங்கேதான் பயிற்சி கிடைத்தது.

நம் பள்ளியில் நடப்பது என்ன? மதிய இடைவேளையில், கதவைச் சாத்திய அறையில், ஓர் ஆசிரியர் முன்னால் பாடிப் பழகுகிறது பிள்ளை. அதன்பின் ஒரே தாவலாக, முந்நூறு பேர் முன்னால் தனியாக மைக்கோடு நிற்கிறது. நடுவில் படிகளே இல்லை. அவற்றைக் கட்டுவதற்குப் பெரிய செலவும் இல்லை. காலை வணக்கக் கூட்டம் என்ற மேடை நம்மிடம் தினமும் இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்தை எப்போதும் அதே நான்கு பிள்ளைகளே பாட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தயங்கும் பிள்ளையை முதலில் ஐந்து பேர் குழுவில் ஓரமாக நிறுத்தலாம். அடுத்த மாதம் இருவராக. பிறகு வகுப்பில் நால்வர் முன்னால் தனியாக, அடுத்து வேறொரு வகுப்பில் தெரியாத பிள்ளைகள் முன்னால். சத்துணவு வரிசையில் நிற்பவர்கள் முன்னால் பாடச் சொல்லலாம். தட்டுச் சத்தத்தில் பாடிப் பழகியவர்களை எந்த அரங்கமும் அசைக்காது. எதிரே கைப்பேசியை நிறுத்திப் பதிவு செய்வதும் ஒரு படிதான்.

மைக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தன் குரல் பெரிதாகி, சற்றுத் தாமதித்து அரங்கத்தின் மறுகோடியிலிருந்து திரும்பி வருவதை முதல்முறை கேட்கும் பிள்ளை திடுக்கிட்டுப் போகிறது. யாரோ கூடவே தப்பாகப் பாடுவது போலத் தோன்றும். மைக்கை விட்டு விலகும், அல்லது வேகத்தை மாற்றும். இதில் பயத்தைவிட அறிமுகமின்மைதான் அதிகம். பள்ளி ஆம்ப்ளிஃபயரில் நான்கு முறை பாடவிட்டால் தீர்ந்துவிடும்.

வயதும் ஒரு காரணம். ஆறாம் வகுப்பில் துள்ளிக் குதித்துப் பாடிய பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் வாய் திறக்க மறுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வளரிளம் பருவத்தினர் தம்மை எப்போதும் ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டே இருப்பதாக எண்ணுகிறார்கள். டேவிட் எல்கைண்ட் 1967இல் இதைக் 'கற்பனைப் பார்வையாளர்' என்றார். பையன்களுக்கு இதோடு குரல் உடைவதும் சேர்ந்துகொள்கிறது. போன வருடப் பாட்டு இந்த வருடக் குரலுக்குப் பொருந்தாது. கட்டையைக் குறைத்துக் கொடுக்காமல் "என்னலே, குரல் இப்படி ஆயிட்டு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் அந்தப் பையன் அதோடு சரி.

இந்த வயதினருக்குச் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று உண்டு. உள்ளே நடுங்குவது வெளியே அவ்வளவு தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசப்போகும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் இதை மட்டும் விளக்கிச் சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பதிவு செய்த காணொளியைப் பிள்ளையிடமே காட்டி, "உன் கால் நடுங்குனது இதுல தெரியுதா?" என்று கேட்டால் அதுவே ஆறுதல்.

மேடைக்கு முந்தைய ஐந்து நிமிடம் நம் கையில் இருக்கிறது. அதில் நாம் வழக்கமாகச் சொல்வது இரண்டு. "பயப்படாத" என்பது ஒன்று. "நம்ம பள்ளி மானம் உன் கையிலதான் இருக்கு" என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பள்ளியின் மானத்தைப் பதினோரு வயதுப் பிள்ளையின் தொண்டையில் வைப்பது நியாயமே இல்லை. முதலாவது அன்பாகச் சொல்வதுதான், ஆனால் பயன் குறைவு. துடிக்கிற இதயத்தை இரண்டு நிமிடத்தில் அமைதியாக்க முடியாது. முடியவில்லை என்று தெரிந்ததும் பிள்ளைக்குப் பயம் இன்னும் கூடும். ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு மாற்றைக் காட்டுகிறது. கரோக்கி பாடப்போகிறவர்களில் சிலரை "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்றும், சிலரை "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்றும் வாய்விட்டுச் சொல்லவைத்தார். சிலரை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. சுருதியையும் தாளத்தையும் அளக்கும் கருவி மதிப்பெண் போட்டது. உற்சாகம் என்றவர்களுக்கு ஏறத்தாழ 81 விழுக்காடு, ஒன்றும் சொல்லாதவர்களுக்கு 69, பதற்றம் என்றவர்களுக்கு 53. இதயத் துடிப்பு பயத்துக்கும் உற்சாகத்துக்கும் ஒன்றுதான். தேர் இழுக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதை யாரும் பயம் என்பதில்லை. "ஆனித் தேரோட்டத்துல வடம் புடிக்கும்போது இப்படித்தானே இருக்கும்?" என்று நெல்லைப் பிள்ளையிடம் கேட்டால் சட்டென்று புரியும்.

அதோடு கொஞ்சம் தண்ணீர், ஒரு வாழைப்பழம், நான்கு நீண்ட மூச்சு. காலை ஒன்பது மணிக்கு வந்த பிள்ளைக்கு முறை வருவது பிற்பகல் மூன்றுக்கு என்றால், அதுவரை மற்றவர்களின் பாட்டை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு உட்கார வைக்காமல் வெளியே மரத்தடியில் விளையாடவிடுவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் சில பிள்ளைகள் நின்றுவிடத்தான் செய்வார்கள். அப்போது கீழே இறங்கி வரும் பிள்ளையிடம் காரணம் கேட்கக்கூடாது. பேருந்திலும் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆனால் நாள்களைத் தள்ளவும் கூடாது. 1967இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க் நிகழ்ச்சியில் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்குப் பாடல் வரிகள் மறந்துபோயின. அதன்பின் சுமார் 27 ஆண்டுகள் அவர் கட்டணக் கச்சேரிகளைத் தவிர்த்தார். விலகி இருக்க இருக்க அந்தக் கடைசி நினைவுதான் மனதில் தடித்துப்போகிறது. என் வகுப்பில் அப்படி நின்றுவிட்ட பெண்ணை அடுத்த திங்கள்கிழமை காலைக் கூட்டத்தில் அதே பாட்டுக்கு நிறுத்தினோம், தோழிகள் இருவரோடு, பின்பாட்டுக்காரியாக. மூன்றாவது வாரம் முதல் அடியை அவளே எடுத்தாள்.